ஐயம் தெளிவோம்: பிரீமேசன் சங்கத்தில் சேரலாமா?

கோவில்பட்டியில் பருத்தி வணிகம் புரியும் அன்பர் ஒருவர் எழுதுகிறார்: “பிரீமேசன் சங்கத்தில் சேருமாறு நண்பர்கள் அழைக்கின்றனர். அவர்கள் அறப்பணி செய்கின்றனர், கடவுளை ஏற்கின்றனர். திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அச்சங்கத்தின் பெயரே இல்லையாம். சேரலாமா?”

நம் விடை: சேரலாகாது. 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்த பெயரும் சபைவிலக்குத் தண்டனையும் புதியதில் இல்லை என்பது மெய்யே. ஆயினும் தடை நீங்கவில்லை. புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்திய நாள், 1983 நவம்பர் 26-இல், பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பரின் ஒப்புதலோடு கர்தினால் ராட்சிங்கர் அறிவித்தார்: சேர்வோர் கனமான பாவநிலையில் உள்ளனர், நற்கருணை வாங்கலாகாது. 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவர் வினவியபோதும் உரோமை இதையே உறுதிசெய்தது.

காரணம் யாது? அச்சங்கம் போற்றும் ‘பிரபஞ்சத்தின் பெருஞ்சிற்பி’ எச்சமயத்தார்க்கும் பொருந்துமாறு அமைந்த கடவுள். கிறிஸ்துவே மீட்பர் என அறிக்கையிட அங்கே இடமில்லை. கரிசலில் பருத்தியோடு உளுந்தை ஊடுபயிராக்கலாம். விசுவாசத்தை அவ்வாறு கலந்து விதைத்தல் இயலாது.

நண்பர்களை இகழ வேண்டாம், நட்பு தொடரட்டும். அறப்பணிக்கு நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை உண்டு. அறியாது சேர்ந்தவர் விலகி, பாவசங்கீர்த்தனம் செய்து, மீண்டும் திவ்விய பந்திக்கு வருவாராக. ஒரு சங்கத்தின் பொருட்டு அப்பந்தியை இழப்பது நட்டமான வாணிபம் அன்றோ!