செடிக்கு எமனாகும் உப்புத் தண்ணீர்... கைகொடுக்குமா பாக்டீரியா?

தாம்பரம், மேடவாக்கம், ஈஞ்சம்பாக்கம் பக்கம் மாடித்தோட்டம் வைத்திருக்கிறீர்களா? போர் தண்ணீர் ஊற்றும் தொட்டிகளில் மண் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இலை நுனி கருகும், தண்ணீர் ஊற்றியும் செடி வாடும். பெரும்பாலும் இதற்குக் காரணம் உப்புதான். கடலோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடல் நீர் உள்ளே வந்துவிடுகிறது. வயல் வைத்திருப்பவர்களுக்கு இது வாழ்வாதாரப் பிரச்னை. இந்தியாவில் சுமார் 67 லட்சம் ஹெக்டேர் நிலம் உப்பால் பாதிக்கப்பட்டுள்ளது.

தண்ணீர் இருந்தும் ஏன் வாடுது?

மண்ணில் உப்பு ஏறினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. சோடியம் உள்ளே புகுந்து, செடிக்குத் தேவையான பொட்டாசியம் கிடைக்காமல் தடுக்கும். இந்த நெருக்கடியில் செடி எத்திலீன் வாயுவை அதிகம் உருவாக்கும். அதனால் வேர் வளர்ச்சி குன்றிவிடும்.

பாக்டீரியா என்ன செய்யும்?

வேரை ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்கள், எத்திலீன் உருவாகத் தேவையான மூலப்பொருளையே உடைத்துத் தின்றுவிடும். அதனால் வேர் தொடர்ந்து வளரும். சில வகைகள் பிசின் போன்ற பொருளைச் சுரந்து சோடியத்தைப் பிடித்து வைக்கும். இன்னும் சில, காற்றில் உள்ள நைட்ரஜனையும் மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தையும் பயிருக்கு எடுத்துக் கொடுக்கும்.

தரமணியில் இருந்து ஒரு கண்டுபிடிப்பு

தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் உப்பு நீரில் வளரும் காட்டு நெல்லை ஆராய்ந்தார்கள். அதன் வேரிலும் தண்டிலும் புதிய பாக்டீரியா ஒன்று கிடைத்தது. 2004-ல் அதற்கு 'சுவாமிநாதானியா சாலிடோலரன்ஸ்' என்று பெயரிட்டார்கள். இது 3 சதவீத உப்பிலும் வளரும். கடல் நீரின் உப்பே சுமார் 3.5 சதவீதம்தான்!

அப்போ பாக்கெட் வாங்கிப் போட்டா போதுமா?

போதாது. பாக்டீரியா உப்பைத் தாங்குவது வேறு, வயலில் பயிரைத் தாங்க வைப்பது வேறு. மண்ணில் சேர்ந்த உப்பை அது வெளியேற்றாது. உவர் நிலம் என்றால் நல்ல தண்ணீர் விட்டு, உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும். களர் நிலம் என்றால் ஜிப்சம் போட வேண்டும். திருச்சி 3 போல களர் தாங்கும் நெல் ரகமும் தேவை. இவற்றோடு சேரும்போதுதான் பாக்டீரியா பலன் தரும்.

வீட்டுல என்ன செய்யலாம்?

மழைத் தண்ணீரைப் பிடித்து, தொட்டியின் அடி ஓட்டை வழியாக நன்றாக வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். உப்பு கழுவிப் போன பிறகு, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களை மட்கிய தொழுஉரத்துடன் கலந்து போடுங்கள். அவற்றை ரசாயன உரத்தோடு சேர்க்கக் கூடாது, வெயிலிலும் வைக்கக் கூடாது. மறுபடியும் அதே உப்புத் தண்ணீரையே ஊற்றினால் பாக்டீரியாவுக்கும் சிரமம், செடிக்கும் சிரமம்.