ஒன்பதரை நிமிடத்தில் திருச்சியாம்!

மக்களே, மதுரை, திருச்சி விமான நிலையங்களுக்கு நடுவே நேர்கோட்டில் சுமார் 125 கி.மீ. இதை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்து, "பறக்கும் நேரம் ஒன்பதரை நிமிடம்" என்கிறார்கள் சில கணக்குப் புலிகள். கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

800 என்பது உச்சத்துக்கு ஏறிய பிறகு ஜெட் விமானம் பிடிக்கிற வேகம். அந்த உயரத்தைத் தொடுவதற்குள் திருச்சியே தாண்டிப் போய்விடும்! ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்க முறைக்குக் காத்திருப்பது எதுவும் கணக்கில் இல்லை.

அதைவிடப் பெரிய கூத்து, இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி விமானமே கிடையாது. பறந்தே தீருவேன் என்றால் சென்னை போய் மாற வேண்டும். 415ம் 290ம் சேர்த்து 700 கி.மீ.க்கு மேல். அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது தனி. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் திருச்சி.

எந்த விமானம், எத்தனை மணிக்கு, எங்கே மாறணும் என்று சொல்லாமல் வெறும் எண்ணை நீட்டுவது தகவல் இல்லை, ஏமாற்று. நேர்முகத் தேர்வுக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஓடுகிறவருக்கு ஸ்கேல் வைத்து அளந்த கணக்கு எதற்குங்க?