மெய்ப்பிக்க வேண்டியவர் யார்?

நாட்டுக்காக உழைத்து உடல் நலிந்த ஒருவர், அந்நாட்டின் மீதே வழக்குத் தொடுத்துத்தான் தமக்குரியதைப் பெற வேண்டுமெனில், அது அறமாகுமா? நாம் வாளாவிருக்கத் தகாத வினா இது.

தரம்வீர் சிங் என்னும் சிப்பாயின் வழக்கை எண்ணிப் பார்ப்போம். 1985-இல் அவர் இந்தியத் தரைப்படையில் சேர்ந்தார். சேர்ந்த வேளையில் அவரிடம் எந்நோயும் இருந்ததாக மருத்துவர்கள் குறித்து வைக்கவில்லை. ஏறத்தாழ 9 ஆண்டுகள் பணியாற்றிய பின், 1994-இல், வலிப்பு நோயால் 20 விழுக்காடு ஊனம் எனக் கூறி அவரை விடுவித்தனர். ஊன ஓய்வூதியமோ மறுக்கப்பட்டது. நோய் பணியால் விளைந்ததன்று, அவருடைய உடலமைப்பைச் சார்ந்தது என்றது மருத்துவக் குழு. ஏன் அவ்வாறு கருதியது என்பதற்குக் காரணம் எழுதவில்லை.

அவர் நீதிமன்றம் சென்றார். 2004-இல் இமாசலப் பிரதேச உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. 2009-இல் அத்தீர்ப்பு கவிழ்ந்தது. 2013 ஜூலையில் உச்சநீதிமன்றமே அவருக்கு நீதி வழங்கியது. இடையில் கழிந்தவை 19 ஆண்டுகள்!

உச்சநீதிமன்றம் புதுச்சட்டம் எதையும் படைத்துவிடவில்லை. 1982-ஆம் ஆண்டின் உரிமை விதிகளில் ஏற்கெனவே இருந்ததையே எடுத்துக் காட்டியது: நலமுடன் சேர்ந்தவர் நோயுடன் வெளியேறினால், அது பணியால் நேர்ந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும், அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது, ஐயம் எழுமாயின் அதன் பயன் வீரருக்கே உரியது.

பொதுப்பணத்தைக் காப்பது அரசின் கடமையன்றோ எனச் சிலர் கேட்பர். கடமைதான். ஆயின் ஒருவருக்கு உரியதை மறுத்து மிச்சம் பிடிப்பதைக் காவல் என்று சொல்லலாமா? மருத்துவர் அறியாததை நீதிபதி அறிவாரோ எனவும் கேட்பர். அறிந்த மருத்துவர் தாம் அறிந்ததை எழுதட்டும். காரணம் எழுதப்படாத முடிவுக்கு மருத்துவ அறிவு என்னும் பெயர் பொருந்தாது.

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் பிறந்தது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. எனினும் வீரர் அங்கே வென்றபின் அரசு மேலும் மேலும் முறையிடுமாயின் அவ்வாயில் திறந்திருந்தும் பயன் என்ன? 2015-இல் பாதுகாப்பு அமைச்சகம் அமைத்த வல்லுநர் குழுவே இத்தகைய வழக்காடலைக் கண்டித்தது. அரசிடம் கோப்பும் வழக்கறிஞரும் காலமும் உள்ளன. நோயுற்றவரிடம் இவற்றுள் எது உள்ளது?

2023-இல் விதிகள் புதிதாக எழுதப்பட்டுள்ளன. விதியின் எழுத்து மாறலாம். வலியவரே விடை சொல்ல வேண்டும் என்னும் நியாயம் மாறாது. ஆகவே நாம் வேண்டுவன இரண்டு: மறுக்கும் மருத்துவக் குழு ஒவ்வொரு முறையும் தன் காரணத்தை எழுத வேண்டும், தீர்ந்துவிட்ட சட்டச் சிக்கலை அரசு மீண்டும் நீதிமன்றப் படியேற்றக் கூடாது. வீரர் இரந்து நிற்கவில்லை. உழைத்து ஈட்டியதையே கேட்கிறார். இதனை உணராத நாடு, எத்துணை விழா எடுத்து அவரைப் போற்றினாலும், அப்போற்றுதல் வெறும் ஆரவாரமே.