புது ஓனர் வந்தால் கிளப் யாருடையது? மோகன் பகான் முதல் நியூகாசில் வரை ரசிகர்கள் கேட்கும் கேள்வி

ஒரு கால்பந்து கிளப்பைக் கோடீஸ்வரர் ஒருவர் வாங்குகிறார் என்று செய்தி வந்தால் போதும், அன்று மாலைக்குள் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். "காசு வருது, நல்ல பிளேயர் வருவான், கப் வரும். இதுல என்ன பிரச்னை?" என்பது ஒரு தரப்பு. "கப் வரும், சரி. நம்ம கிளப் இருக்குமா?" என்பது இன்னொரு தரப்பு.

இது லண்டன், மான்செஸ்டர் விவகாரம் மட்டும் அல்ல. கொல்கத்தாவில் இந்தச் சண்டை தெருவுக்கு வந்து போலீஸ் தடியடி வரை போயிருக்கிறது. கோவையில் பெரிய சத்தம் இல்லாமலேயே ஒரு சாம்பியன் அணி காணாமல் போயிருக்கிறது.

இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால், 'பணம் வரலாமா, வேண்டாமா' என்று விவாதிப்பதில் பெரிய பயன் இல்லை. பணம் வரும்போது எதையெல்லாம் விற்கலாம், எதை விற்கவே கூடாது, அதை யார் முடிவு செய்வது? ரசிகர்கள் பேச வேண்டியது இதைத்தான்.

மோகன் பகானில் என்ன நடந்தது?

1889-ல் தொடங்கப்பட்ட கிளப் மோகன் பகான். 1911-ல் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் அணியை 2-1 என வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. பிரிட்டிஷ் ஆட்சியில் கிடைத்த அந்த வெற்றியை வங்காளம் இன்றும் விளையாட்டுச் செய்தியாக மட்டும் பார்ப்பதில்லை.

2020 ஜனவரியில், சஞ்சீவ் கோயங்காவின் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் இந்த கிளப்பின் கால்பந்து நிறுவனத்தில் 80 சதவீதப் பங்கை வாங்குவதாக அறிவித்தது. அதே குழுமத்திடம் ஏற்கெனவே ஏ.டி.கே. என்ற ஐ.எஸ்.எல். அணி இருந்தது. இரண்டையும் இணைத்து வைத்த பெயர், ஏ.டி.கே. மோகன் பகான். பச்சை - மெரூன் ஜெர்சி தொடரும், லோகோவில் பாய்மரப் படகும் இருக்கும் என்று அறிவித்தார்கள். பலர் நிம்மதி அடைந்தார்கள்.

ஆனாலும் ஒரு உறுத்தல் போகவில்லை. 2014-ல் பிறந்த ஓர் அணியின் பெயர், 130 வயது கிளப்பின் பெயருக்கு முன்னால் ஏன் நிற்க வேண்டும்? 'ஏ.டி.கே.வை நீக்கு' என்ற கோஷம் இங்கிருந்துதான் பிறந்தது. "ஓனர் கோடி கோடியா கொட்டுறார், மூணு எழுத்துக்கு இவ்வளவு சண்டையா?" என்று கேட்ட ரசிகர்களும் இருந்தார்கள். அவர்களும் மோகன் பகான் ரசிகர்கள்தான்.

2023 மார்ச்சில் அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற இரவில், பெயரில் இருந்து ஏ.டி.கே. நீக்கப்படும் என்று கோயங்கா அறிவித்தார். மூன்று ஆண்டுப் போராட்டத்துக்குக் கிடைத்த பலன். ஆனால் புதுப் பெயர் 'மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட்'. அந்தப் பின்னொட்டு, அதே குழுமத்தின் லக்னோ ஐ.பி.எல். அணியிலும் இருப்பது. அந்த ஆண்டு மே மாதம் லக்னோ அணி ஈடன் கார்டனில் ஆட வந்தபோது பச்சை - மெரூன் ஜெர்சி அணிந்து வந்தது. சிலருக்கு அது மரியாதை. சிலருக்கு, தாத்தா காலத்து நிறத்தை இன்னொரு பிசினஸுக்குக் கடன் வாங்கியது போல.

வெற்றியை மறைக்கவும் முடியாது. 2023-24-ல் லீக் ஷீல்டு, 2024-25-ல் ஷீல்டும் கோப்பையும் சேர்த்து. பணம் வேலை செய்தது. அதனால்தான் இந்த விவாதம் சுலபமாக முடிவதில்லை.

ஈஸ்ட் பெங்கால்: பணம் வந்தும் தோற்ற கதை

எதிர் முகாமில் கதை வேறு மாதிரி போனது. 2020-ல் நூற்றாண்டு கொண்டாடிய ஈஸ்ட் பெங்காலுக்கு ஸ்ரீ சிமென்ட் நிறுவனம் முதலீட்டாளராக வந்தது. அந்தப் பணத்தில்தான் ஐ.எஸ்.எல். கதவு திறந்தது. ஆனால் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட கிளப் நிர்வாகிகள் மறுத்தார்கள். கையெழுத்திட்டால் கிளப்பின் உரிமைகளே போய்விடும் என்பது அவர்கள் வாதம்.

2021 ஜூலையில் ரசிகர்கள் கிளப் வாசலில் திரண்டார்கள். "கையெழுத்து போடு, டீம் ஆடணும்" என்று ஒரு கூட்டம். "கிளப்பை விக்காதே" என்று ஒரு கூட்டம். மோதல் வந்தது, போலீஸ் தடியடி நடத்தியது. ஒரே ஜெர்சி போட்டவர்கள் ஒருவரையொருவர் துரோகி என்றார்கள்.

களத்தில் முதல் சீசன் 9-வது இடம், அடுத்த சீசன் கடைசி இடம். 2022 ஏப்ரலில் ஸ்ரீ சிமென்ட் விலகிவிட்டது. பிறகு எமாமி வந்தது. முதலீட்டாளருக்கு வெளியேற ஒரு வாசல் எப்போதும் உண்டு. 100 வருடமாகக் குடும்பத்தோடு மேட்ச் பார்ப்பவருக்கு அந்த வாசல் கிடையாது.

ஒரே கிளப், இரண்டு பணக்காரர்கள்

'பணக்கார ஓனர் என்றாலே ஆபத்து' என்று சொல்பவர்களும், 'பணம் இருந்தா எல்லாம் சரியாகும்' என்று சொல்பவர்களும் ஒருமுறை பார்க்க வேண்டிய ஊர், இங்கிலாந்தின் பிளாக்பர்ன்.

அந்த ஊர்க்காரரான இரும்புத் தொழிலதிபர் ஜாக் வாக்கர் 1991-ல் கிளப்பை எடுத்தார். சின்ன வயதில் இருந்தே அவர் அந்த அணியின் ரசிகர். பணத்தை இறைத்தார். 1995-ல் பிளாக்பர்ன் ரோவர்ஸ் பிரீமியர் லீக் சாம்பியன் ஆனது. வெளியூர்க்காரர்கள் 'காசு கொடுத்து வாங்கிய கப்' என்று கிண்டல் செய்தார்கள். உள்ளூரில் அவருக்குச் சிலையே வைத்தார்கள்.

2010-ல் அதே கிளப்பை வாங்கியது புனேயின் வெங்கீஸ், நம்மூர் கடைகளில் சிக்கன் பாக்கெட்டில் பார்க்கும் அதே பெயர். வந்த சில வாரங்களில் பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். 2012 மே மாதம் அணி பிரீமியர் லீக்கில் இருந்து இறங்கிய அன்று, ரசிகர்கள் கிளப் கொடி போர்த்திய ஒரு கோழியை மைதானத்துக்குள் விட்டார்கள். 2017-ல் மூன்றாம் நிலை லீக் வரை இறங்கி, அடுத்த ஆண்டு ஒரு படி ஏறியது.

இத்தனைக்கும் வெங்கீஸ் நிறுவனம் பல வருட நஷ்டத்தைத் தன் பணத்தில் ஈடுகட்டியிருக்கிறது. அப்படியானால் கோபம் ஏன்? ஜாக் வாக்கர் செய்த செலவுக்கு ஊரிடம் ஒரு பதில் இருந்தது. அடுத்து வந்தவர்கள் ஏன் இந்த முடிவு, யார் எடுத்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை என்பதே ரசிகர்களின் புகார். பணத்தின் அளவைவிட, ரசிகர்கள் கேள்வி கேட்டால் பதில் வருமா என்பதே பெரிய விஷயமாகிறது.

நியூகாசில்: கப் வந்தது, கேள்வி போகவில்லை

2021 அக்டோபரில் சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் நியூகாசில் யுனைடெட்டில் 80 சதவீதம் வாங்கியபோது, மைதான வாசலில் திருவிழா. 14 வருடம் மைக் ஆஷ்லியைச் சகித்துக்கொண்ட ரசிகர்களுக்கு அது விடுதலை. அதே நேரம், பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொலையை நினைவுபடுத்தி, மனித உரிமை அமைப்புகள் இந்த விற்பனையை எதிர்த்தன. 2025 மார்ச்சில் லீக் கோப்பை வந்தது. உள்நாட்டுப் பெரிய கோப்பை ஒன்று 70 வருடம் கழித்துக் கிடைத்திருக்கிறது. அன்று அழுத ரசிகரைக் குறை சொல்ல முடியாது. ஒரு அரசின் குற்றங்களுக்கு டிக்கெட் வாங்கியவர் பொறுப்பாளி அல்ல. ஆனால் கேள்வி கேட்பவரைத் துரோகி ஆக்கினால், அந்த அரசுக்குச் சம்பளம் இல்லாத மக்கள் தொடர்பு அதிகாரி ஆகிவிடுவார் ரசிகர்.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன?

கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றது. அந்த சீசன் நடந்துகொண்டிருந்தபோதே சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்குடன் உள்ளே வந்தது. ஐரோப்பிய கிளப், இளைஞர் பயிற்சி, பெரிய கனவு. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. வெளிநாட்டு பங்குதாரர் வந்தால் எல்லாம் நிலைத்துவிடும் என்று நம்பிய ரசிகர், சாம்பியன் ஆன இரண்டே வருடத்தில் மேட்ச் பார்க்க இடம் இல்லாமல் நின்றார்.

இது தனிக் கதை அல்ல. 2019-ல் டெல்லி டைனமோஸ் ஒடிசா எஃப்.சி. ஆனது. அதே ஆண்டு புனே சிட்டி கலைக்கப்பட்டு, அந்த இடத்தில் ஹைதராபாத் எஃப்.சி. வந்தது. ஒரே வருடத்தில் இரண்டு ஊர்கள் தங்கள் ஐ.எஸ்.எல். அணியை இழந்தன.

சிவகாசிக் கணக்கு

கிளப் வெறும் கம்பெனியா என்ற கேள்வியை நாரணாபுரம், சிவகாசி பக்கம் நின்று யோசித்தால் கொஞ்சம் தெளிவாகும். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் சேர்ந்து வளர்ந்த பகுதி. பெட்டிக்குள் இருக்கும் சரக்குக்கு ஒரு மதிப்பு என்றால், மேலே இருக்கும் லேபிளுக்குத் தனி மதிப்பு என்பது அங்கே யாரும் சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை. "போன தீபாவளிக்கு வாங்கினோமே, அந்த மார்க் குடுங்க" என்றுதான் கடையில் கேட்பார்கள்.

ஆலை கைமாறி, சரக்கு சரியில்லை என்றால் என்ன ஆகும்? அடுத்த தீபாவளிக்கு வேறு மார்க் வாங்குவார்கள். அந்தப் பயமே முதலாளியை ஒழுங்காக வைத்திருக்கும்.

கால்பந்தில் இந்தக் கணக்கு உடைந்துபோகிறது. ஈஸ்ட் பெங்கால் சரியில்லை என்று ஒருவர் மோகன் பகானுக்கு மாற மாட்டார். மாறினால் வீட்டில் சோறு கிடைக்காது! வேறு கடைக்குப் போக முடியாத வாடிக்கையாளர் அவர். ஓனர் என்ன செய்தாலும் சனிக்கிழமை வந்து உட்கார்வார் என்பது ஓனருக்கும் தெரியும். சந்தை அவரைக் காப்பாற்றாது என்றால், விதிதான் காப்பாற்ற வேண்டும்.

விதி போட்ட நாடுகள்

ஜெர்மனியில் '50+1' விதி இருக்கிறது. முதலீட்டாளர் எவ்வளவு பணம் போட்டாலும், வாக்குரிமையில் பெரும்பான்மை கிளப் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். லெவர்குசென், வோல்ஃப்ஸ்பர்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு. லைப்சிக் அணி உறுப்பினர் எண்ணிக்கையைச் சுருக்கி விதியைச் சுற்றி வந்துவிட்டது என்ற விமர்சனமும் உண்டு. ஓட்டை இருந்தாலும் வேலி, வேலிதான்.

இங்கிலாந்து பட்டுத் தெரிந்துகொண்டது. கார்டிஃப் சிட்டியின் மலேசிய ஓனர் வின்சென்ட் டான் 2012-ல் நீல ஜெர்சியைச் சிவப்பாக்கினார். ரசிகர்கள் விடவில்லை, 2015-ல் நீலம் திரும்பியது. 2021-ல் ஐரோப்பிய சூப்பர் லீக் திட்டம் வந்தபோது செல்சி, ஆர்சனல் ரசிகர்களே தெருவில் இறங்கினார்கள். இவற்றின் தொடர்ச்சியாக 2025-ல் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது. சுயாதீன ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றை உருவாக்கிய அந்தச் சட்டம், சின்னம், சொந்த மைதான ஜெர்சி நிறம் போன்ற விஷயங்களில் ரசிகர்களின் கருத்துக்கு இடம் தருகிறது.

இந்தியாவில் கேட்க வேண்டியது என்ன?

பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இந்தியக் கால்பந்து இல்லை. டிக்கெட் காசில் ஓர் அணியை நடத்த முடியாது; முதலீட்டாளர் தேவை. அவர் லாபம் பார்க்க நினைப்பதும் தப்பில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன்பே மூன்று விஷயங்கள் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும்.

ஒன்று, பெயர், நிறம், ஊர் ஆகிய மூன்றையும் உறுப்பினர்களும் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களும் வாக்களிக்காமல் மாற்றக் கூடாது. இரண்டு, வருடத்துக்கு ஒருமுறையாவது வரவு செலவைச் சொல்லி, ரசிகர்களின் கேள்விக்கு நிர்வாகம் நேரில் பதில் தர வேண்டும். மூன்று, முதலீட்டாளர் விலகுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி, அதுவரையிலான வீரர்களின் சம்பளத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

இவற்றில் எதுவும் நேர்மையான முதலீட்டாளருக்குச் செலவு வைக்காது. 'இதெல்லாம் முடியாது' என்று ஒருவர் முதல் நாளே சொன்னால், அதுவே ரசிகர்களுக்குத் தேவையான தகவல்.

ரசிகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கொல்கத்தாவில் நடந்தது போல, பணம் வேண்டும் என்பவரும் பெயர் வேண்டும் என்பவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கும் வரை, ஒப்பந்தத்தை யாரும் படிக்கப் போவதில்லை. மூன்று எழுத்தை நீக்க மூன்று வருடம் ஆனது. கையெழுத்துக்கு முன்பே கேட்டிருந்தால், அந்த மூன்று எழுத்து வந்திருக்கவே வேண்டியதில்லை.