பூர்வ ரூபம் எது?

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வீட்டு முற்றத்திலேயே பிரித்துத் துலக்கி, அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த ஸ்திதிக்கு மீட்டுக் கொண்டுவர வேண்டும் என்னும் ஆசை இப்போது நம் ஊர்களில் பல இளைஞர்களுக்கு உண்டாகியிருக்கிறது. கைவேலையில் சிரத்தையையும் பழம் பொருளிடத்தில் மரியாதையையும் ஒருங்கே வளர்க்கும் அந்த ஆசையை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆனால் பூர்வ ஸ்திதி என்று எதைச் சொல்கிறோம் என்பதில் அவர்களில் பலருக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. ராஜ்தூத் 350 என்ற ஒரு வண்டியை முன்வைத்தே அதைச் சொல்லிவிடுகிறேன்.

1973-இல் ஜப்பானில் யமஹா நிறுவனம் ஆர்.டி. 350 என்ற வண்டியை வெளியிட்டது. 347 சி.சி. கொள்ளளவு, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சிலிண்டர்கள், ஆறு கியர்கள், ஏறக்குறைய 39 குதிரைச் சக்தி, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் என்று பந்தய சுபாவத்தோடு பிறந்த அந்த வண்டி, தன் தாய்நாட்டில் காலம் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த பிறகு, 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் மூலமாக ராஜ்தூத் 350 என்ற பெயரில் இந்தியாவில் மறுபிறவி எடுத்தது. அப்படி எடுத்தபோது அது சிலவற்றை இழந்தது. டிஸ்க் பிரேக் இருந்த இடத்தில் டிரம் பிரேக் வந்தது. சக்தி முப்பதரைக்கு இறங்கியது. பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்ற குறை எழவே, இரண்டாண்டு கழித்து வந்த ரகத்தில் அது 27-க்கும் இறங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உற்பத்தியே நின்றுபோயிற்று.

இன்று இந்த வண்டியைப் புதுப்பிக்கிறவர்களில் பலர் ‘ஒரிஜினல்’ ஆக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு, கடல் கடந்து வரவழைத்த டிஸ்க் பிரேக்கைப் பொருத்தி, ஜப்பானிய வண்டியின் சைலன்சர்களை மாட்டி, ராஜ்தூத் என்ற பெயரையே டாங்க்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் இந்த மண்ணில் பிறந்த வண்டிக்கு இந்த மண்ணில் கிடைத்த ரூபமே பூர்வ ரூபம் என்பது என் திடமான எண்ணம். அயல்நாட்டு உதிரிபாகம் எளிதில் இறங்காத காலம் அது, நூறு சி.சி. வண்டியின் மைலேஜையே எல்லோரும் விசாரித்த காலம். அந்தக் காலத்தின் தேவைகளுக்கும் நெருக்கடிகளுக்கும் இணங்கித் தன்னை மாற்றிக்கொண்ட யந்திரத்தில், அந்த டிரம் பிரேக் ஒரு சரித்திர சாட்சி. யுத்த காலத்து விமான ஓடுதளமாகிய சோழவரத்தில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில், வெயிலையும் புழுதியையும் பொருட்படுத்தாமல் ஜனங்கள் திரண்டு நின்று பார்த்த வண்டிகளுள் இந்த இந்திய ஆர்.டி.யும் ஒன்று. அதை ஜப்பானிய வண்டியாக வேஷம் கட்டினால் அந்த நினைவெல்லாம் அழிந்துபோகும்.

இவ்வளவு வேகமான வண்டிக்கு டிரம் பிரேக் போதுமா, உயிரைவிடச் சரித்திரம் பெரிதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த முன் பிரேக்கில் இரண்டு ஷூக்களையும் இரண்டு தனித்தனி கேம்கள் தள்ளுகின்றன. இரண்டையும் இணைக்கும் கம்பியின் நீளம் சற்றே பிசகினாலும் ஒரு ஷூ மட்டுமே டிரம்மைத் தொட, மற்றொன்று சும்மா இருந்துவிடுகிறது. பிரேக் பிடிக்கவில்லை என்று பழி சுமத்தப்பட்ட வண்டிகளில் இந்தக் கம்பியைச் சரியாக வைக்காதவையே அதிகம் என்பது என் அனுபவம். கம்பியைத் திருத்தி, ஷூக்களை டிரம்மின் வளைவுக்கு ஒத்துத் தேய்த்து, நல்ல கேபிள் போட்டால், நிதானமாக ஓட்டுகிறவருக்கு அது போதும். பழைய வண்டியை நெடுஞ்சாலையில் விரட்ட விரும்புகிறவர் அதற்கென்று புதிய வண்டி ஒன்றை வாங்கிக்கொள்வதே உத்தமம்.

என் வீட்டுப் பின்கட்டில் இந்த வண்டியொன்றைப் பிரித்துப் போட்டிருந்த மாதங்களில் நான் கற்ற முதல் பாடம், கழற்றுவதற்கே ஒரு பொறுமை வேண்டும் என்பது. இன்ஜின் மூடியின் ஸ்டார் ஸ்க்ரூக்கள் நாற்பதாண்டு இறுக்கத்தில் இருக்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரை வைத்து முறுக்கினால் தலை மழுங்கிவிடும். அச்சாகப் பொருந்தும் முனையை வைத்துச் சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர்தான் அவற்றுக்கு மருந்து. துருப்பிடித்த மட்கார்டைக் கண்டதும் குரோம் முலாம் போடுகிற இடத்துக்கு ஓடவேண்டியதில்லை. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால், மேல் துரு நீங்கிப் பழைய குரோமே பளிச்சென்று தெரியும்; ஆங்காங்கே புள்ளி நிற்கும், நிற்கட்டும். டாங்க்கின் உள்துருவுக்குச் சலவைச் சோடாக் கரைசலும் பாட்டரி சார்ஜரும் போதும்: டாங்க்கில் நெகடிவ் முனை, அதைத் தொடாமல் உள்ளே தொங்கும் இரும்புக் கம்பியில் பாசிடிவ் முனை. அந்தக் கம்பி எவர்சில்வராக இருக்கக் கூடாது, நச்சுள்ள குரோமியம் கரைசலில் இறங்கிவிடும். தீப்பற்றும் ஹைட்ரஜன் எழுவதால் வேலையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. கிராங்கைப் பிரித்துச் சேர்ப்பதும் சிலிண்டரைப் போரிங் செய்வதும் பிரஸ்ஸும் லேத்தும் உள்ள தேர்ந்த பட்டறைக்காரருடைய வேலை. அவரைத் தேடிப் பிடிப்பதில் ஒரு மாதம் போனாலும் நஷ்டமில்லை. 2டி ஆயிலைத் தனியாக இன்ஜினுக்கு ஊட்டும் பம்ப்பில் காற்றுக் குமிழி தங்கிவிட்டால், அரும்பாடு பட்டுப் பொருத்திய பிஸ்டன் முதல் ஓட்டத்திலேயே பிடித்துக்கொள்ளும். அதன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று எண்ணெய் தாரையாக வரும் வரை பார்த்துக்கொண்டிருந்த அந்த அரைமணி நேரம், எனக்குப் பூஜை வேளையைப் போல் இருந்தது.

ஒரு துக்கத்தையும் சொல்ல வேண்டும். டாங்க்கில் ஓரிடத்தில் பெயின்ட் உதிர்ந்திருந்ததைச் சரிசெய்யக் கொடுத்தேன். கொடுத்த இடத்தில் என்னைக் கேளாமலே, தொழிற்சாலையில் பூசிய வர்ணம் முழுவதையும் சுரண்டியெடுத்துப் புதிதாக அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடிபோல் மின்னிற்று. ஆனால் முதல் சொந்தக்காரரின் முழங்கால்கள் பல ஆண்டுகள் உரசி மங்கவைத்த இரண்டு இடங்களும் மறைந்துவிட்டன. அவற்றை இனி எந்தச் செலவாலும் திரும்பப் பெற முடியாது.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்று கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுப்பதோடு, கலவையில் காற்றை மிகுவித்து பிஸ்டனைச் சூடேற்றுவதால், குழாய்களை மாற்றி, கார்புரேட்டரில் சற்றுப் பெரிய ஜெட்டைப் போடுவது அவசியமாகிறது. அது நியாயமான மாற்றம். கழற்றிய ஜெட்டைப் பத்திரப்படுத்தினால், எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கிவிடலாம். பழம் வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனமாகிய ஃபிவா வெளியிட்ட டூரின் சாசனமும், அவசியத்தால் செய்யும் மாற்றம் பூர்வ அமைப்பைக் கெடுக்கலாகாது என்றே கூறுகிறது.

அதே சம்மேளனம் முப்பது வயது நிரம்பி, பூர்வ ரூபத்தில் காப்பாற்றப்பட்ட வண்டியைச் சரித்திர வாகனமாக ஏற்கிறது. நம் மத்திய அரசு 2021-இல் செய்த விதிகளோ ஐம்பது வயதைக் கேட்கின்றன. பூர்வ வடிவம் சிதையாமல், பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. இரண்டாவது நிபந்தனையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் 1983-இல் பதிவான ராஜ்தூத் 350-க்கு அந்த அந்தஸ்து 2033-இல்தான் கிட்டும். அதுவரை அது சட்டத்தின் கண்ணில் வயதான சாதாரண வண்டி மட்டுமே. பழுதுபார்த்து, மாற்றி, கடைசியில் காயலான் கடைக்கு அனுப்பத் தக்கது. அந்தஸ்து வரும் நாளில் அதைப் பெறத் தகுதியுள்ள வண்டிகள் எத்தனை மிஞ்சியிருக்கும் என்ற கவலை எனக்கு உண்டு. வயது வரம்பை முப்பதாகக் குறைத்து, பூர்வ ரூப நிபந்தனையை இப்போதிருப்பதுபோலவே கண்டிப்பாக வைத்திருக்குமாறு போக்குவரத்து அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் இந்த வேலையைத் தொடங்கியிருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வண்டியிலிருந்து கழற்றிய எதையும், உடைந்த கிளாம்ப் ஆனாலும் தேய்ந்த பிரேக் ஷூ ஆனாலும், எறிந்துவிடாதீர்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் எத்தனை நாள் அலைந்தாலும் அதன் ஜோடி கிடைக்காமல் போகலாம். ஒரு டின்னில் போட்டு, எந்தப் பாகம், எங்கிருந்து கழற்றியது, எந்தத் தேதியில் என்று சீட்டு எழுதி ஒட்டி வையுங்கள்.