மிக்ஸி வாங்க எதுக்குங்க என் நம்பர்?

சாரல் அடிக்கிற நாளில் குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் போய்ப் பாருங்கள். குளித்து வந்தவர் ஈரத்துணி மாற்றுவதற்குள் சுற்றி நாலு பேர் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவ்வளவு கூச்சம் நமக்கு! அதே நாம் தென்காசியில் ஒரு மிக்ஸி வாங்கப் போனால், கேஷியர் கேட்டதுமே பின்னால் நிற்கிற வரிசைக்கே கேட்கிற மாதிரி செல் நம்பரை ஒப்பிக்கிறோம்.

ஒரு கடையில் தர மாட்டேன் என்றேன். "நம்பர் போடலைன்னா பில் விழாது சார்" என்றார் அந்தப் பெண். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால், நான் படித்தது பி.காம். ரொக்கம் கொடுத்து மிக்ஸி வாங்குகிறவனின் செல் நம்பர் பில்லில் இருந்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படி வற்புறுத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே கடைக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று. கேட்டால்தானே!

நம்பராவது நாம் வாயால் சொன்னது. டி.வி. கேட்காமலே எடுக்கும். அமெரிக்காவில் விஸியோ கம்பெனி 1 கோடியே 10 லட்சம் டி.வி.க்களில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று விநாடி விநாடியாகச் சேகரித்து, வெளி கம்பெனிகளுக்கு விற்றதாக வழக்கு. 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. நம்மூரில்? டி.வி. மாட்ட வந்த தம்பி, ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு 'சம்மதம்', 'சம்மதம்' என்று ரிமோட்டில் தட்டிவிட்டுப் போகிறார். சம்மதித்தது யார், நீங்களா, அவரா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் கழித்து, 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அதிலும் முக்கியமான கடமைகளுக்குக் கம்பெனிகளுக்கு 18 மாதத் தவணை. வட்டியில்லாத் தவணை!

அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாமாம். கைதட்டாதீர்கள். அந்தப் பணம் யார் கணக்கில் வரவு? இந்திய அரசின் தொகுப்பு நிதியில். நம்பர் பறிபோய், தினம் பத்து லோன் அழைப்புகளில் சாகிற உங்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க இருந்த 43-ஏ பிரிவையும் இந்தச் சட்டமே நீக்கச் சொல்கிறது. பொய்ப் புகார் கொடுத்தால் மட்டும் உங்களுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. குற்றாலத்துக் குரங்கு பையைப் பிடுங்கினால்கூட நமக்கு உடனே தெரிகிறது. இங்கே பிடுங்கினவர் யாரென்றே தெரியாமல், பயந்து பயந்து புகார் எழுத வேண்டுமாம்.

கடையில் வற்புறுத்தினால் 1915-க்குப் போன் போடுங்கள். நஷ்டஈட்டுப் பிரிவைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எம்.பி.யிடம் கேளுங்கள். சாரல் விழா மேடைக்கு வருவார்தானே, அங்கேயே பிடியுங்கள்.