முன்பதிவுக்கு முன் ஒரு கேள்வி



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் மலையைப் பற்றித்தான் பேச்சு. ஊட்டியா, கொடைக்கானலா, ஏற்காடா, வால்பாறையா என்று முடிவாவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். அதன் பிறகு அறை தேடும் படலம். கட்டில் எத்தனை, காலை உணவு உண்டா, வெந்நீர் எப்போது வரும், காரை எங்கே நிறுத்துவது என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். இன்டர்நெட்டைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. விளம்பரத்தில் 'ஃப்ரீ வைஃபை' என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் மனசு சமாதானமாகிவிடுகிறது. மேலே போய்ப் பெட்டியை இறக்கிய பிறகுதான் நிலவரம் தெரிகிறது.

இந்தப் பருவத்தில் நமக்கு வரும் பயணக் கடிதங்களில் அருவியையும் பனியையும் ரசித்து எழுதுகிறவர்கள்கூடக் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள்: போன்தான் வேலை செய்யவில்லை. அந்த ஒரு வரிக்காகவே இந்த மாதம் இந்தப் பக்கம்.

'நாலு நாள் போனை மூடி வைத்துவிட்டு மரம் செடியைப் பாருங்களேன்' என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், முடிகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் வீட்டில் சர்க்கரையும் ரத்த அழுத்தமுமாக இருக்கும் அப்பாவை விட்டுவிட்டு வந்த மகளுக்கு அது முடியாது. பிளஸ் டூ முடிவு வழக்கமாக மே மாதத்தில்தான் வருகிறது. அன்றைக்கு மலையில் இருக்கும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் போன்தான் உலகம். திரும்பி வர தட்கல் டிக்கெட் எடுக்க வேண்டுமானால் ஏசிக்குக் காலை பத்து மணி, ஏசி இல்லாததற்குப் பதினோரு மணி. அந்த நிமிடத்தில் இணைப்பு இருந்தே ஆக வேண்டும். டீக்கடையில் காசு கொடுப்பதுகூட இப்போது போனில்தான். தண்ணீர், மின்சாரம் போல இதுவும் தங்குமிடத்தின் அடிப்படைத் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சென்ற கோடையில் வால்பாறைப் பக்கம் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு குடும்பம் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்த களைப்பு எல்லார் முகத்திலும் தெரிந்தது. பத்திரமாகச் சேர்ந்துவிட்டோம் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பத் தலைவர் வைஃபை பெயரைத் தொட்டார். ஒரு பக்கம் திறந்து கைப்பேசி எண்ணைக் கேட்டது. எண்ணைப் போட்டதும் 'ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது' என்று வந்தது; கீழே விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. ஓடிபி வரவில்லை. எப்படி வரும்? அங்கே அவருடைய சிம்முக்கு ஒரு புள்ளி சிக்னல்கூட இல்லை. மேசைக்குப் பின்னாலிருந்த தம்பி, "அந்தப் பலாமரத்துக்கிட்ட போனீங்கன்னா கிடைக்குமுங்க சார்" என்றார். இவர் ஓடினார். மரத்தடியில் ஓடிபி வந்தது. திரும்பி ஓடி வருவதற்குள் அந்தப் பக்கம் காலாவதியாகியிருந்தது. மறுபடி எண், மறுபடி ஓட்டம். அவருடைய அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "போதும்ப்பா, மழை வருது, உள்ள வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சிக்னல் இல்லாததால்தான் வைஃபை வேண்டும், வைஃபை வேண்டுமானால் சிக்னல் இருக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை.

இந்த ஓடிபி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் தீர்வும் தெரியும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பொறுப்பேற்று வந்த மின்னஞ்சலைத் தேடிப் போன போலீஸார் நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டு வைஃபையில் போய் நின்றார்கள். கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். அதையொட்டித்தான் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2009 பிப்ரவரியில் விதிமுறை கொண்டுவந்தது. பொது இடத்தில் வைஃபை கொடுப்பவர், பயன்படுத்துகிறவர் யார் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகளை அந்த விதி சொன்னது. கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியில் கடவுச்சொல் அனுப்பலாம். அல்லது புகைப்பட அடையாள அட்டையின் நகலை வாங்கி ஓராண்டு வைத்திருக்கலாம்.

இரண்டாவது வழியை நாமும் மறந்துவிட்டோம், பல ரிசார்ட்டுகளும் மறந்துவிட்டன. அறை கொடுக்கும்போதே அடையாள அட்டை நகலை வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, அது போதும். நகலைப் பெற்றுக்கொண்டு அறை எண்ணுக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். வைஃபையை நடத்தும் மென்பொருள் பலவற்றில் 'வவுச்சர்' என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. எனவே ஓடிபி வராவிட்டால் மரத்தடிக்கு ஓட வேண்டாம். வரவேற்பறையில் நின்று, "வவுச்சர் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். மலேசியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் நம் உறவினர்களுக்கு இது இன்னும் முக்கியம். பத்து இலக்க இந்திய எண்ணை மட்டுமே ஏற்கும் பக்கங்கள் நிறைய. வெளிநாட்டு எண்ணோடு வந்த அத்தையும் சித்தப்பாவும் அங்கே தவித்துப் போகிறார்கள்.

சில இடங்களில் அந்த உள்நுழைவுப் பக்கமே திறக்காது. வைஃபை பெயரைத் தொட்டதும் கைப்பேசி ஒரு சோதனை முகவரியைத் தட்டிப் பார்க்கும். ரிசார்ட்டின் கருவி அதை வழிமறித்துத் தன் பக்கத்தைக் காட்டும். இன்றைய இணையதளங்கள் பெரும்பாலும் பூட்டுப் போட்ட முகவரிகள். அவற்றை அப்படி வழிமறிக்க முடியாது. அதனால் நீங்கள் வங்கித் தளத்தையோ மின்னஞ்சலையோ திறந்து திறந்து பார்த்தால் வெள்ளைத் திரைதான் மிஞ்சும். பிரௌசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று தட்டுங்கள். பூட்டில்லாமல் இதற்கென்றே வைத்திருக்கும் தளம் அது. உள்நுழைவுப் பக்கம் பெரும்பாலும் உடனே வந்துவிடும். விபிஎன் இருந்தால் அதுவரை அணைத்து வையுங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' போட்டிருந்தால் அதையும்.

நேற்று வேலை செய்த போன் இன்று 'கருவிகளின் எண்ணிக்கை முடிந்தது' என்று சொல்வதும் உண்டு. அறைக்கு இரண்டு போன், மூன்று போன் என்று ரிசார்ட் வரம்பு வைத்திருக்கும். நம் தனியுரிமைக்காக 2019-இல் ஆண்ட்ராய்டு 10-லும், 2020-இல் ஐஓஎஸ் 14-லும் போன்கள் தங்கள் உண்மையான வைஃபை முகவரியை மறைத்து மாற்று முகவரி காட்டத் தொடங்கின. முகவரி மாறினால் ரிசார்ட்டின் கருவி அதைப் புதுப் போன் என்று கணக்கில் சேர்த்துவிடும். தங்கியிருக்கும் நாட்களுக்கு மட்டும், அந்த ஒரு வைஃபைக்கு மட்டும், முகவரி மாறாதபடி வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

வேகம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரிசார்ட்டுக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். முப்பது அறை, அறைக்கு மூன்று போன். இரவுச் சாப்பாடு முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் படம் பார்க்க உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு எம்பிபிஎஸ் அளவில்தான் தேறும். அதிகாலை ஐந்தரைக்கு எழுந்தால் அதே இணைப்பு பறக்கும். மெயில் அனுப்ப, படங்களை ஏற்ற அந்த நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது வைஃபை காலிங். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் நம் நாட்டில் தொடங்கிய சேவை இது. கோபுரமே எட்டாத பள்ளத்தாக்கிலும், வைஃபை இருந்தால் உங்கள் சொந்த எண்ணுக்கே சாதாரண அழைப்பு வரும், போகும். வாட்ஸ்அப் தெரியாத பாட்டி வீட்டுத் தரைவழிப் போனிலிருந்து கூப்பிட்டாலும் மணி அடிக்கும். குறுஞ்செய்திகளும் பெரும்பாலும் இந்த வழியிலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன. இதற்கு அதிக வேகமும் தேவையில்லை. செட்டிங்ஸில் ஒரு சுவிட்சுதான். அதை ஊரில் இருக்கும்போதே போட்டு, ஒரு முறை பேசிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 2014-இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'டார்க்ஹோட்டல்' என்ற கும்பலின் வேலையை வெளியிட்டது. ஆசியாவின் ஆடம்பர ஓட்டல்களில் தங்கும் தொழிலதிபர்கள் அறை எண்ணும் பெயரும் கொடுத்து வைஃபைக்குள் நுழைந்ததும், 'உங்கள் மென்பொருளைப் புதுப்பியுங்கள்' என்று திரையில் வரும். தட்டினால் உளவு நிரல் உள்ளே இறங்கிவிடும். நாம் தொழிலதிபர்கள் இல்லைதான். ஆனாலும் ரிசார்ட் வைஃபையில் இருக்கும்போது எந்த 'அப்டேட்'டையும் தட்டாதீர்கள். பணப் பரிவர்த்தனைக்கு முடிந்தவரை சொந்த மொபைல் டேட்டாவையே பயன்படுத்துங்கள்.

சொந்த டேட்டா என்றதும் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் கேலார்டு ஓப்ரிலேண்ட் என்ற பெரிய ரிசார்ட், மேரியட் ஓட்டல் நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்தது. அதன் மாநாட்டு அரங்கில் விருந்தினர்கள் தங்கள் போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டால் அது துண்டிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 2013 மார்ச்சில் ஒருவர் புகார் செய்தார். விசாரித்தால், ரிசார்ட்டின் கண்காணிப்புக் கருவியைக் கொண்டே ஊழியர்கள் அவற்றைத் துண்டித்திருக்கிறார்கள். அரங்கில் கடை போட்டவர்களிடமோ ரிசார்ட்டின் வைஃபைக்காக ஒரு கருவிக்கு 250 முதல் 1,000 டாலர் வரை கட்டணம். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2014 அக்டோபரில் மேரியட்டுக்கு ஆறு லட்சம் டாலர் அபராதம் விதித்தது. விருந்தினர் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவைத் தடுக்க எந்த ஓட்டலுக்கும் உரிமை இல்லை என்று 2015 ஜனவரியில் பொது எச்சரிக்கையும் வெளியிட்டது. ஒரே ஒரு விருந்தினரின் புகாரில் தொடங்கிய காரியம் இது. கேட்டால் கிடைக்கும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

நாம் இரண்டு நாள் படும் இந்தத் தவிப்பை வருடம் முழுக்கப் படுகிறவர்கள் அதே மலையில் இருக்கிறார்கள். ரிசார்ட்டில் நமக்குத் தேநீர் கொண்டுவந்து வைக்கும் தம்பியின் வீடு எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில் இருக்கலாம். கொரோனா கால ஆன்லைன் வகுப்புக்காக மலைக்கிராமப் பிள்ளைகள் பாறைமேல் ஏறி உட்கார்ந்ததை நாம் மறக்கவில்லை. அந்த வகையில் 2025 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய ஏற்பாடு ஒன்று எனக்கு நம்பிக்கை தருகிறது. அரசு நிதியில் எழுப்பிய கோபுரம் எந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தாலும், பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ வாடிக்கையாளர்கள் அதன் 4ஜி சேவையைப் பகிர்ந்துகொள்ளலாம். போனில் நெட்வொர்க் தேர்வைத் 'தானியங்கி' என்று வைத்திருந்தால் போதும். ஆபத்து நேரத்தில் இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் 112-க்கு அழைப்பு போகும்.

கிளம்புவதற்கு முன்பு செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அதை மலையடிவாரச் சோதனைச் சாவடியில் நின்று தேடாமல் வீட்டிலேயே எடுத்து, ஸ்க்ரீன்ஷாட்டாகப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியின் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

ரிசார்ட் நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஃப்ரீ வைஃபை' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தாதீர்கள். அறைக்குள் எட்டுமா, வரவேற்பறையில் மட்டுமா, அறைக்கு எத்தனை போன், எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கும், மின்சாரம் போனால் வைஃபை நின்றுவிடுமா என்பதை அறை வாடகைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். சிக்னல் இல்லை என்று முன்கூட்டியே சொல்லும் இடத்துக்கும் மக்கள் விரும்பி வருவார்கள். அதற்கேற்பத் தயாராக வருவார்கள்.

வாசகர்களே, இந்தக் கோடையில் எங்கே தங்கினீர்கள், எந்த சிம் வேலை செய்தது, அறைக்குள் வைஃபை வந்ததா, கேட்டபோது வவுச்சர் கொடுத்தார்களா என்று ஒரு அஞ்சலட்டை அளவுக்கு எழுதி அனுப்புங்கள். ஊர்வாரியாகத் தொகுத்து அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். அடுத்து மலையேறப் போகிற குடும்பத்துக்கு அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்